சமயக் கல்வியும் பிள்ளைகளின் தெரிவும்

பிள்ளைகள் வளர்ந்தபின் சமயத்தைத் தாமே தெரிந்துகொள்வர், இப்பொழுது யாதும் போதிக்கவேண்டா என்பார் சிலர். அறியாத பொருள்களுள் ஒன்றைத் தெரிதல் எங்ஙனங் கூடும்? வினாவைத் தடுத்து மனனம் மாத்திரம் பண்ணுவித்தலும் பயன்றராது.

இதற்குச் சான்று, நல்லூரில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் சரித்திரம். அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவற் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் உதவிபுரிந்தார்கள். பிறசமய நூலை இவ்வாறு நன்கறிந்தும், சைவநூல்களைக் கற்றுத் தெளிந்தமையாற் சைவத்திலே நிலைபெற்று, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள்.

ஆதலால், பெற்றோர்களே! திருநீறிடுவிக்கும்போதே அதன் காரணத்தையும் உரைமின். பிள்ளைகளின் ஐயங்களைச் சினவாது கேண்மின். அயற்சமயக் கொள்கைகளை இகழாது, அச்சமயத்தார் கூறுமாறே எடுத்துரைமின்.

இங்ஙனங் கற்ற பிள்ளை பின்னர் வேறு நெறியைத் தெரிந்தால் என்செய்வது? 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, தான் விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளுஞ் சுதந்திரத்தைப் பத்தாம் உறுப்புரையால் யாவர்க்கும் அளித்துள்ளது. அத்தெரிவைப் பொறுத்து, அன்பு குன்றாதிருத்தலே பெற்றோர் கடன் என்பேம். வினாவுக்கு விடைகூறாத வீட்டிலேயே பிள்ளையின் மனம் நம்மைவிட்டு முன்னரே நீங்கும்.