ஊற்று நீரில் நைத்திரேற்றை அறியும் கையடக்கக் கருவிகள்

நுவரெலியா மாவட்டத்தில், தேயிலை மலைகளுக்கு இடைப்பட்ட நிலங்களில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா முதலிய மரக்கறிகள் மிகுதியாகப் பயிரிடப்படுகின்றன. இந்நிலங்களின் கீழ்ப்புறத்திலுள்ள ஊற்றுகளும் பீலிகளுமே தோட்டக் குடும்பங்கள் பலவற்றிற்குக் குடிநீர் தருவன. அங்கிருந்து செல்லும் ஓடைகள் பல மகாவலி கங்கையைச் சேர்ந்து, தாழ்நிலத்து நெல்வயல்களுக்கும் பாய்கின்றன. ஆதலின் மேட்டில் இடப்படும் பசளை கீழேயுள்ளோரையும் சார்ந்த விடயமாகும்.

1. கண்ணுக்குப் புலப்படாத மாசு

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் உறிஞ்சாது எஞ்சியதை மண் பற்றி வைத்திருப்பதில்லை. அது மழைநீருடன் இறங்கி ஊற்றிற் கலக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்த நைத்திரேற்றுள்ள நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மாளும், நைத்திரேற்றோ நீங்காது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

2. கருவிகள்

(அ) சோதனைத் தாள்: ஜேர்மானிய இரசாயன அறிஞர் பீட்டர் கிரீஸ் 1879இல் வெளியிட்ட நிறச் சோதனையே இதற்கு அடிப்படை. தாளிலுள்ள மருந்து நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்ற, இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறம் மிகுந்தால் மாசும் மிகுதி.

(ஆ) மின்கடத்துதிறன் மானி: நீரிற் கரைந்த உப்புகள் மின்னைக் கடத்தும் அளவை இது காட்டும். எந்த உப்பு என்பதை மாத்திரம் சொல்லாது.

(இ) நைத்திரேற்று மின்வாய்: இதன் முனையிலுள்ள மென்சவ்வு நைத்திரேற்றையே பெரிதும் உணர்வதால் அளவை எண்ணாகக் காட்டும். செறிவு தெரிந்த கரைசலில் அடிக்கடி சரிபார்த்தல் அவசியம், விலையும் அதிகம். ஆகவே சங்கமாகச் சேர்ந்து வாங்குதல் நன்று.

3. சோதிக்கும் முறை

சுத்தமான போத்தலை ஊற்று நீராற் பலமுறை அலசி, நீரை எடுக்கவும். தாளை நனைத்து உதறி, பெட்டியிற் குறித்த நேரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் நிற அட்டையுடன் ஒப்பிடுக. ஈரம் பட்ட தாளும் காலங்கடந்த தாளும் பிழையான விடை தரும். வறண்ட காலத்தில் ஒரு முறையும், பசளை இட்ட பின் பெய்யும் முதல் மழையின் பின் ஒரு முறையும் சோதித்து, திகதியுடன் குறித்து வைத்தல் வேண்டும்.

4. அளவு மிகுந்தால்

அந்நீரைக் குழந்தைகளுக்குக் கொடாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, ஆய்வுகூடத்தில் உறுதி செய்துகொள்க. மண் பரிசோதனைப்படி பசளையைப் பல தவணைகளாகப் பிரித்திடுக. பெருமழைக்கு முன் இடற்க. இக்கருவிகள் பூச்சிகொல்லிகளைக் காட்டமாட்டா. ஆதலின் தெளிகருவியை ஊற்றருகே கழுவுதலும் ஆகாது.

பசளையை அளவறிந்து இடுபவர் தம் பணத்தையும், கீழேயுள்ளோரின் குடிநீரையும் ஒருங்கே காப்பாற்றுகின்றார்.