ஈ.எஸ்.ஆர். 46 என்று வந்தால்…

போன மாதம் அம்மாவின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "அக்கா, ஈ.எஸ்.ஆர். 46-னு தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்க, கேன்சரா இருக்குமோ?" அன்றைக்கு உன்னைத் தேற்றத்தான் நேரம் இருந்தது. இப்போது நிதானமாக எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

முதலில் அந்த டெஸ்ட் என்னவென்று தெரிந்துகொள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கலந்து, மெல்லிய குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்திவிடுவார்கள். ஒரு மணி நேரம் யாரும் தொடமாட்டார்கள். சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்க, மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்ததோ, அதுதான் அந்த எண். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கூடும். அப்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கினதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். அழற்சி தொண்டையிலா, மூட்டிலா, நுரையீரலிலா என்று அந்தக் குழாயால் சொல்ல முடியாது.

அழற்சியே இல்லாமலும் அது ஏறும். வயது கூடினால் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், ரத்தசோகையில் ஏறும். டாக்டர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆண் என்றால் வயதில் பாதி வரை சரி, பெண் என்றால் வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி. அம்மாவுக்கு 68. பத்தைக் கூட்டினால் 78, பாதி 39. அதே தாளில் மூன்று வரி மேலே ஹீமோகுளோபின் 9.8 என்று இருந்ததே, அதைப் பார்த்தாயா? அந்த ரத்தசோகையையும் சேர்த்துப் பார்த்தால் 46 நம்மைப் பதறவைக்கிற எண்ணே இல்லை.

அழற்சிக்கே எழுதுகிற இன்னொரு டெஸ்டான சி.ஆர்.பி. வேறு விதம். அது கல்லீரல் சுரக்கும் புரதம். தொற்று வந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும். அதனால் காய்ச்சல் விட்ட மறுவாரமே ஈ.எஸ்.ஆர். எடுத்துப் பார்த்து, இன்னும் குறையவில்லையே என்று தவிக்காதே.

சி.ஆர்.பி.யின் அலகையும் பார். ஒரு லேபில் 1.2, அடுத்த லேபில் 12 என்று வந்தால் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. முன்னது டெசிலிட்டருக்கு, பின்னது லிட்டருக்கு. இரண்டும் ஒன்றுதான். முடிந்தவரை ஒரே லேபில் எடு. இந்த இரண்டு டெஸ்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் சேர்த்து எடுத்தால்தான் அந்தக் கட்டுப்பாடு.

இதையெல்லாம்விட முக்கியமானது, ஊசி குத்துவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டியது: "டாக்டர், எதைச் சந்தேகப்பட்டு எழுதுறீங்க? கூடுதலா வந்தா என்ன பண்ணுவீங்க, நார்மலா வந்தா என்ன பண்ணுவீங்க?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் இந்த டெஸ்டுகளை எடுத்துக்கொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அளவு கூடுதலாக இருந்த நூறு பேரில் சுமார் 15 பேருக்குத்தான் தொற்றோ, மூட்டுவாத வகை நோயோ, புற்றுநோயோ இருந்தது. நோய் இருந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டெஸ்ட் நார்மல்.

அந்தப் பாதியில் நானும் ஒருத்தி என்பது உனக்குத் தெரியும். காலையில் மிக்ஸி ஜார் மூடியைத் திருக முடியாது. விரல் கணுக்கள் பொதபொதவென்று வீங்கி, வெந்நீரில் அரைமணி நேரம் முக்கினால்தான் மடங்கும். "ஈ.எஸ்.ஆர். நார்மல், ஒண்ணுமில்லைம்மா" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். நானும் நம்பினேன். ஆறு மாதம் கழித்து வேறொருவர் கையைத் தொட்டு, அழுத்திப் பார்த்துதான் முடக்குவாதம் என்று கண்டுபிடித்தார். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஆகவே தாள் நார்மல் என்றாலும் எடை குறைந்துகொண்டே போனால், இரவில் காய்ச்சல் வந்தால், எங்காவது கட்டி தட்டுப்பட்டால், திரும்பவும் டாக்டரிடம் போ. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஈ.எஸ்.ஆர். எதற்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள்.

இந்த டெஸ்டுகளைத் தாமதிக்காமல் எடுக்கவேண்டிய நேரமும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, சீப்பு பட்டால் தலை வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அன்றைக்கே போகவேண்டும். அது தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண் பார்வையே போய்விடலாம்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் ஓரத்திலும் அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று பேனாவால் குறித்துவை: சளி, பல்வலி, என்ன மாத்திரை என்று. சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போகும்போது அந்த 46-ஐப் பற்றிக் கேட்காதே. ஹீமோகுளோபின் ஏன் 9.8-க்கு இறங்கியது, வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கேள். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் நீயே முன்கூட்டிக் கேட்டுவிடு. டாக்டர் முன்னால் அவள் சொல்லமாட்டாள்.