அப்பியா சாலையில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு

ரோம் நகரத்தின் தெற்கே, அப்பியா அந்திகா என்னும் பழைய சாலையில் வழிகாட்டியோடு எலெக்ட்ரிக் சைக்கிள் சுற்றுலா போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கேட்டகோம் என்னும் நிலத்தடிக் கல்லறைகளை அந்தச் சுற்றோடு சேர்க்காதீர்கள். சாலை, கேட்டகோம், நீர்ப்பாலங்கள் மூன்றையும் அரைநாளில் காட்டுகிறோம் என்றுதான் பல சுற்றுலாக்காரர்கள் விற்கிறார்கள். ஒரே காசுக்கு மூன்று கிடைக்கிறதே என்று நம் கையும் அங்கேதான் போகும். இந்தப் பயணத்தில் நமக்கு அதிக நஷ்டம் வைக்கிற முடிவு அதுதான். சைக்கிள் எந்தக் கம்பெனி, வழிகாட்டி எவ்வளவு சுவையாகப் பேசுவார், வெயிலா மழையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். வெறும் அபிப்பிராயமாகத் தோன்றக் கூடாது என்பதால் கணக்கையும் வைக்கிறேன்.

நான்கு மணி நேரச் சுற்று என்றால் 240 நிமிஷம். இருக்கையை நம் உயரத்துக்கு இறக்கி, தலைக்கவசம் மாட்டி, மோட்டாரையும் கியரையும் விளக்கி, தெருவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்வதற்குள் 30 நிமிஷம் போய்விடும். சுற்றின் தூரம் 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசல், கல் பாவிய சாலை, மண் தடம் எல்லாம் சேர்ந்து மணிக்கு 12 கிலோமீட்டர் சராசரி வந்தாலே பெரிது. ஆக, ஓட்டத்துக்கு மட்டும் 125 நிமிஷம். கேட்டகோமுக்குள் சுற்றிக் காட்ட 40 நிமிஷம், சீட்டு வாங்கி நம் மொழிக்குழு சேரும்வரை நிற்க இன்னொரு 20. மிச்சமிருப்பது 25 நிமிஷம். நகரக் கோட்டை மதில், காஃபரெல்லாப் பள்ளத்தாக்கு, மக்சென்டியஸின் தேரோட்டத் திடல், செசிலியா மெட்டெல்லாவின் கல்லறை, நீர்ப்பாலங்கள் என்று ஐந்து இடங்களுக்குப் பகிர்ந்தால் இடத்துக்கு 5 நிமிஷம். சைக்கிளை நிறுத்தி, ஒரு படம் எடுத்து, தண்ணீர் குடிக்கத்தான் அது காணும். கேட்டகோமை எடுத்துவிட்டால் அந்த 25 நிமிஷம் 85 ஆகிறது, இடத்துக்கு 17. நடைமுறையில் நேரம் இப்படிச் சமமாகவும் பங்காவதில்லை. தாமதம் முழுவதும் கடைசி இடத்தின் தலையில்தான் விழும். இந்தச் சுற்றில் கடைசி இடம் நீர்ப்பாலங்கள். அங்கே வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

கேட்டகோம் பார்க்கத் தகுந்ததல்ல என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சான் கலிஸ்தோ கேட்டகோமில் மூன்றாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர்கள் பலரை அடக்கம் செய்த அறை இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ரோம் போவதே இந்த மண்ணை மிதிக்கத்தான். அதனால்தான் அதைத் தனியாக வையுங்கள் என்கிறேன். உள்ளே அழைத்துப் போகிறவர் அந்த இடத்தின் சொந்த வழிகாட்டி. நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிவந்த சைக்கிள் வழிகாட்டிக்கு அங்கே பேச வேலை இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம் கொடுத்திருக்கிறீர்கள். வியர்த்த உடம்போடு திடீரென்று குளிர்ந்த சுரங்கத்துக்குள் இறங்கி, ஜெபம் செய்யக்கூட நிற்காமல், வெளியே நிற்கும் சைக்கிளை நினைத்துக்கொண்டே ஏறிவருவது யாருக்கும் திருப்தி தராது. நகரத்திலிருந்து 118ஆம் எண் பேருந்து அந்தப் பக்கம் போகிறது. இன்னொரு நாள் காலையில் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு, ஒரு சால்வையும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போய்வரலாம். கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அங்குள்ள கேட்டகோம்களில் சான் கலிஸ்தோ புதன்கிழமையும், தொமித்தில்லா செவ்வாய்க்கிழமையும், சான் செபஸ்தியானோ ஞாயிற்றுக்கிழமையும் மூடியிருக்கும்.

மிச்சப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பெரிதாகப் பார்த்துவிடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டெல்லாவின் கல்லறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 29 மீட்டர் விட்டமுள்ள உருளைக் கட்டடம், கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. ஓட்டிக்கொண்டே போனால் வட்டமான பெரிய கோட்டை, அவ்வளவுதான். நின்று பார்த்தால் மேல் விளிம்பில் பளிங்கில் செதுக்கிய காளை மண்டையோடுகளும் பூமாலைகளும் வரிசையாகத் தெரியும். அதற்கும் மேலே இருக்கும் கோட்டை மதில் பற்கள் ரோமர் காலத்தவை அல்ல. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயெத்தானி குடும்பம் கல்லறையைக் கோட்டையாக்கி, சாலையில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கிய காலத்தவை. சாலையைப் பார்த்த கல்வெட்டில் இருப்பது இன்னாரின் மகள், கிராசஸின் வீட்டுப் பெண் என்ற அளவுதான். அவளுடைய மாமனார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதும் மார்க்கஸ் கிராசஸ்தான் கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை நசுக்கி, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை இதே சாலையின் ஓரத்தில் சிலுவையில் அறைந்தவன். அத்தனை பேருக்கு இந்தச் சாலையில் ஒரு கல் கூட இல்லை. அந்த வீட்டு மருமகளுக்கு இவ்வளவு பெரிய கட்டடம். இதைக் கல்வெட்டுக்கு அடியில் நின்று ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும். 5 நிமிஷத்தில் முடிகிற பேச்சா இது?

வழிகாட்டி எதற்கு, கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே, சைக்கிளை மட்டும் வாடகைக்கு எடுத்தால் பாதிக் காசு மிச்சம் என்பது அடுத்த வாதம். சாலை நேர்கோடு, வழி தவறாது என்பது உண்மைதான். ஆனால் வரைபடம் வழியைத்தான் காட்டும். மெட்டெல்லாவைத் தாண்டினால் இரு பக்கமும் செங்கல் சுவர்களில் உடைந்த பளிங்குத் துண்டுகள், முகங்கள், எழுத்துகள் பதித்து நிற்கும். எல்லாம் ரோமர் காலச் சுவர் என்றே தோன்றும். பல சுவர்கள் 1850களில் லூயிஜி கனினா என்ற கட்டடக் கலைஞர் அகழாய்வில் கிடைத்த துண்டுகளைச் சிதறிப் போகாமல் காக்கக் கட்டியவை. துண்டுகள் பழையவை, சுவர் புதிது. இதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் தப்பாகவே நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவோம். அதைவிட முக்கியம், அப்பியா சாலையிலிருந்து நீர்ப்பாலப் பூங்காவுக்குப் போக நடுவில் அப்பியா நுவோவா என்னும் வாகனப் பெருஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடக்க வேண்டும். எந்த இடத்தில் கடந்தால் பத்திரம் என்பது தினமும் போகிறவருக்குத்தான் தெரியும். இத்தாலியில் வண்டிகள் வலப்பக்கம் போகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நம் கண் பழக்கத்தில் தப்பான பக்கம்தான் திரும்பிப் பார்க்கும்.

நீர்ப்பாலங்களுக்காக இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் இருக்கிறது. கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ஒரே அதிகாரி தன் பதவிக் காலத்தில் இரண்டு வேலைகளைத் தொடங்கினான்: ஒன்று இந்தச் சாலை, மற்றொன்று ரோமின் முதல் நீர்வழி. வீதியும் தண்ணீரும் ஒரே கையெழுத்தில் பிறந்தவை. சாலையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் பாதிக் கதையோடு திரும்புகிறார். அப்பியஸின் நீர்வழி ஏறக்குறைய முழுவதும் நிலத்துக்கு அடியில் ஓடியது. பூங்காவில் நிமிர்ந்து நிற்பது கி.பி. 38இல் பேரரசன் காலிகுலா தொடங்கி 52இல் பேரரசன் கிளாடியஸ் முடித்த அக்வா கிளாடியா. வளைவுகள் முறிந்த இடத்தில் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கால்வாய்களின் குறுக்குவெட்டு தெரியும். கீழே பெரிய கற்களால் ஆனது கிளாடியா. அதன் முதுகில் செங்கல்லும் காரையுமாக ஏறியிருப்பது அனியோ நோவஸ். கிளாடியாவின் நீளம் 69 கிலோமீட்டர். மலையிலிருந்து அந்த தூரம் முழுவதும் பம்பு எதுவும் இல்லாமல், சிறு சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் வந்தது. பக்கத்தில் தாழ்வாக ஓடும் இன்னொரு வரிசை, 16ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சிக்ஸ்டஸ் போப் கட்டிய அக்வா ஃபெலிச்சே. பழைய அக்வா மார்சியாவின் தடத்தையும் கற்களையும் எடுத்துக் கட்டியது. கி.பி. 537இல் கோத் படை ரோமை முற்றுகையிட்டபோது நகரத்துக்கு வரும் நீர்வழிகளை அறுத்தது. ஒரு பேரரசின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் ஒரு மைதானத்தில் நிற்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது அங்கே இருக்காமல் வந்தால், சுற்றில் பாதியை விட்டுவிட்டோம் என்றே சொல்வேன்.

ரோம் வரை போய் மோட்டார் வைத்த சைக்கிளா, நடந்தால் என்ன, வெறும் சைக்கிள் மிதித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இந்த சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் நின்றுவிடும். மிதிப்பவர் நாம்தான். நம் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவர்கள், பிறகு ஸ்கூட்டருக்கு மாறி முப்பது வருஷமாகப் பெடலைத் தொடாதவர்கள், முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறவர்கள். காஃபரெல்லாவின் மண் மேட்டை வெறும் காலால் ஏறி முடித்த பிறகு கல்வெட்டைப் பார்க்கத் தெம்பு எங்கே இருக்கும்? நடந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது சாலையின் முதல் பகுதி மட்டும்தான். அங்கே இரு பக்கமும் உயரமான மதில், நடைபாதை கிடையாது, கார்கள் உரசிக்கொண்டு போகும். 1960 ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா இந்தச் சாலை வழியாக வெறுங்காலோடு ஓடிவந்து தங்கம் வென்றார். அவரை வணங்குகிறேன். அந்தக் காலை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் மோட்டார் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் தெம்பைக் கூடுதல் கிலோமீட்டரில் செலவழிக்காதீர்கள். விளம்பரத்தில் தூரம் கூடக் கூட நமக்கு லாபம் போலத் தெரியும். இந்தச் சாலையின் கல் அதற்கு இடம் கொடுக்காது. ஆல்பன் மலைகளிலிருந்து வழிந்து மெட்டெல்லா கல்லறை வரை வந்து உறைந்த எரிமலைக் குழம்பை வெட்டி எடுத்துத்தான் பெரிய பலகைக் கற்களாகப் பாவியிருக்கிறார்கள். மேல்பரப்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவில் முன்சக்கரம் இறங்கும் அளவுக்குச் சந்து விட்டிருக்கும். அந்தக் கற்கள் வரும்போது மோட்டாரின் உதவியைக் குறைந்த நிலைக்கு இறக்குங்கள். இருக்கையிலிருந்து சற்றே எழும்பி, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் ஓட்டுங்கள். முழங்கை மடங்கியிருக்கட்டும். ஓரத்தில் மண் தடம் இருந்தால் வெட்கப்படாமல் அதில் போங்கள். உங்கள் இடுப்புக்கும் நல்லது, அந்தக் கல்லுக்கும் நல்லது. இன்னொன்று, அங்குள்ள சைக்கிள்களில் பொதுவாக இடது பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. நம் ஊரில் வலது. 20 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியில் சரிவில் இடது கையை மட்டும் அழுத்தினால் தூக்கி எறியும். கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சாதாரணம்: தண்ணீர் புட்டி, தொப்பி, நல்ல ரப்பர் அடியுள்ள காலணி, மழை பெய்த மறுநாள் காஃபரெல்லாவைத் தவிர்ப்பது. எட்டுப் பேருக்கு மேல் உள்ள குழுவில் சேராதீர்கள். கடைசி ஆள் வந்து சேரும் முன் வழிகாட்டி பேசி முடித்திருப்பார். குறைந்த தூரம், சிறு குழு, கேட்டகோம் கிடையாது, அதற்கு ஏன் அதிகக் காசு என்று வீட்டிலும் வெளியிலும் கேட்பார்கள். அந்தத் தேர்வு சரி என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. முன்பதிவுக்கு முன் இரண்டே கேள்வி எழுதி அனுப்புங்கள்: நீர்ப்பாலங்களில் எத்தனை நிமிஷம் நிறுத்துவீர்கள்? கேட்டகோம் இல்லாமல் அதே நேரத்துக்குச் சுற்று உண்டா? எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். பழைய சாலையின் முக்கியப் பகுதியில் அன்று கார்களுக்குத் தடை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மெட்டெல்லாவின் கல்லறை அன்று பூட்டியிருக்கும்.