மூச்சுக்கும் ஒரு பேரேடு

அன்புள்ள மீனாளுக்கு,

அயித்தை எழுதுவது. கார்த்திகையன்று குன்றக்குடி மலை ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். கேட்டதற்குச் செருப்பு கடித்துவிட்டது என்றாய். செருப்பைத்தான் அடிவாரத்திலேயே விட்டுவிட்டோமே, ஆத்தா!

உன் வயதில் நானும் மூச்சு வாங்குவதை இப்படித்தான் மறைத்தேன். முகப்பிலிருந்து பின்கட்டுக்குக் காபி கொண்டுபோவதற்குள் வளவில் இரண்டு தூணைப் பிடித்து நிற்பேன். "கல்யாணக் கவலை" என்றார் ஒரு மருத்துவர். எட்டு மாதம் கழித்து இன்னொருவர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. மாதவிலக்கில் அதிகம் போனதுதான் காரணம். அதற்கு வைத்தியம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்ட பிறகு தூண் தேவைப்படவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இந்தச் சோகை உண்டு.

விரலில் மாட்டும் கருவி 98 காட்டியது என்கிறாய். இரத்தத்தில் ஓடுகிற ஹீமோகுளோபின் வண்டிகளில் ஆக்சிஜன் சரக்கு நிறைந்திருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். வண்டியே குறைவாக இருப்பதை எண்ணாது. ஆஸ்துமாவும், இழுப்பு இல்லாத நாளில் ஊதிப் பார்த்தால் பிடிபடாமல் போகலாம். இதய வால்வுச் சுருக்கம் ஈசிஜியில் தப்பி எக்கோவில் தெரியலாம். அதனால் "எல்லாம் நார்மல்" என்றால், எதையெல்லாம் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று கேள். பயத்தாலும் மூச்சு முட்டும். அதுவும் நிஜமான அவதிதான், அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மற்றதைப் பார்த்த பிறகு வரவேண்டிய முடிவு அது.

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நம் ஐயாக்கள் அன்றன்றைய பற்று வரவை எழுதாமல் படுக்கமாட்டார்கள். நீயும் ஒரு நோட்டுப் போடு. போன வருஷம் நிற்காமல் எத்தனை படி ஏறினாய், இப்போது எத்தனை? படுத்தால் கூடுகிறதா? இரவில் இருமல் உண்டா? விலக்கு எத்தனை நாள்? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? மருத்துவர் முன் உனக்குக் கிடைப்பது சில நிமிடம். "மூச்சு வாங்குது" என்பதைவிட "பத்தாவது படியில் நின்றேன்" என்பது அவருக்கு அதிகம் சொல்லும்.

காரைக்குடி அரசு மருத்துவமனையில் தொடங்கு. தேவைப்பட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, உதடு நீலம்பாரித்தாலோ நோட்டைத் தேடாதே; 108-ஐக் கூப்பிடு.

சனிக்கிழமைக்குள் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. செருப்புக் கணக்கெல்லாம் அதில் வரக்கூடாது.

உன் அயித்தை