அல் உலாவில் மூன்று ராத்திரி

ஜுபைல்

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து நாளில் யான்புவிலிருந்து உம்லுஜ், தபூக், அல் உலா, தாயிஃப், அல் பாஹா. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் உன் அம்மாவுக்கும் விசிட் விசா கிடைத்த சந்தோஷத்தில், கையிலிருக்கும் விடுமுறைக்குள் பாதி சவூதியைக் காட்டிவிட நினைக்கிறாய். ஆசை சரி, திட்டம் சரியில்லை. தபூக், தாயிஃப், பாஹா மூன்றையும் அடித்துவிடு. அல் உலாவில் மூன்று ராத்திரி தங்கு. திரும்பும்போது உம்லுஜ். அவ்வளவு போதும்.

பிரான்சில் அல்சாஸ் பக்கம் திராட்சைத் தோட்டக் கிராமங்களைக் குடும்பத்தோடு காரில் சுற்றிய உன் நண்பனைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று எழுதியிருந்தாய். அந்த ஊர்ச் சங்கதி வேறு. 1953இல் தொடங்கிய அந்த ஒயின் சாலையின் மொத்த நீளமே சுமார் 170 கி.மீ.தான். ஒரு கிராமத்தை விட்டுக் கிளம்பினால் சில கி.மீ.யில் அடுத்தது வந்துவிடும். காலையில் ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர் என்று போகலாம். இந்த மேற்கு சவூதியில், ஹிஜாஸில், தண்ணீர் இருந்த இடத்தில்தான் ஊர் உண்டானது. ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவே பாறையும் மணலும்தான். யான்புவிலிருந்து உம்லுஜ் மட்டுமே ஏறத்தாழ 150 கி.மீ. அவர்கள் ஒரு வாரம் சுற்றும் தூரம் உனக்கு ஒரு காலைப் பயணம். அதனால் இங்கே ஊர் ஊராகத் தாவக்கூடாது. நல்ல ஊர் ஒன்றைப் பிடித்து உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் யோசி. வண்டியில் ஓட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். தினமும் ஐந்து, ஆறு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தால் சாயங்காலம் பிள்ளைகளிடம் பேசக்கூட உனக்குத் தெம்பிருக்காது. வருடத்தில் பத்து மாதம் அப்பாவைப் போனில் மட்டும் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம் முடிந்தபின் எல்லோரையும் யான்பு அல் நக்லுக்குக் கூட்டிப் போ. ரத்வா மலைப் பக்கம், சுமார் 50 கி.மீ. ஊற்றுத் தண்ணீரால் பிழைத்த பழைய பேரீச்சை ஊர்கள். சின்னவனுக்குக் காரில் வாந்தி வருமா, உன் அம்மாவால் எவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியும் என்பதெல்லாம் அந்த அரை நாளில் தெரிந்துவிடும். அதை வைத்து எங்கெங்கே நிறுத்துவது என்று முடிவு செய்.

அல் உலாவுக்கு அல் ஈஸ் வழியாகப் போ. 300 கி.மீ.க்கு மேல் வரும். மதீனா வழி வேண்டாம், சுற்றும் அதிகம். தவிர, நபி பள்ளிவாசலைச் சுற்றியுள்ள ஹரம் பகுதிக்குள் நம்மைப்போல முஸ்லிம் அல்லாதவர்கள் போகக்கூடாது. போன் காட்டும் வழியை நம்பி அந்தப் பக்கம் திரும்பிவிடாதே, சாலைப் பலகையைப் பார். அல் ஈஸ் சாலையில் பெட்ரோல் பங்க் அடுத்தடுத்து இருக்காது. யான்புவிலேயே டேங்கை நிரப்பு, தண்ணீர்ப் பாட்டில் ஒரு கேஸ் டிக்கியில் போடு. கம்பெனி வண்டியாக இருந்தால், ஓட்டும் அனுமதி உன் பேரில் அரசின் அப்ஷர் செயலியில் பதிவாகியிருக்கிறதா என்று பார். இஸ்திமாரா என்ற வண்டிப் பதிவு அட்டை, இன்சூரன்ஸ், உன் இகாமா குடியிருப்பு அட்டை, வீட்டாரின் பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சின்னவனுக்குக் குழந்தை இருக்கை வாங்காமல் கிளம்பாதே.

அல் உலாவில் முதல் நாள் எங்கும் ஓடாதே. பேரீச்சந்தோப்புக்குள் நடங்கள். மேலே பேரீச்சை, அதன் நிழலில் ஆரஞ்சும் எலுமிச்சையும், அதற்கும் கீழே கீரை என்று அடுக்கடுக்காகப் பயிர் வைத்திருப்பார்கள். உன் அம்மா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், உனக்கு முன்னால் அவளுக்குப் புரியும். அங்கே விளையும் பாலைவன முருங்கையைக் காட்டு. நம் முருங்கையின் உறவு மரம்தான். அதன் விதையில் எண்ணெய் எடுக்கிறார்கள். தோப்பை ஒட்டியே பழைய ஊர். சுமார் 900 மண் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி, வெளிச்சுவரே கோட்டையாக நிற்கும். 1980கள் வரை அங்கே ஆள் குடியிருந்தார்கள். தந்தோரா என்ற நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் நிழல் வருடத்தில் ஒரு நாள் குறிப்பிட்ட கல்லைத் தொட்டதும் குளிர்கால விதைப்பைத் தொடங்குவார்கள். பெரியவனுக்கு அது பிடிக்கும்.

இரண்டாம் நாள் ஹெக்ரா. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, சவூதியில் முதலாவது. பெட்ராவைக் குடைந்த நபத்தியர்களின் கல்லறைகள், நூற்றுக்கும் மேல். சொந்தக் காரில் உள்ளே சுற்ற முடியாது, அங்கே டிக்கெட்டோடு ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போக வேண்டும். சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். தனியாக நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் கல்லறையின் அடிப்பகுதியைப் பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்கச் சொல். மேலே வழவழப்பு, கீழே கரடுமுரடு. வேலை பாதியில் நின்றுபோனதால், பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தார்கள் என்பது கண்ணுக்கே தெரியும். அந்தக் கல்லறைகள் சிலவற்றின் முகப்பில், யாருக்கு உரியது, வேறு யாரையாவது புதைத்தால் என்ன அபராதம் என்றெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1908இல் மதீனா வரை எட்டிய ஹிஜாஸ் ரயில் பாதையின் நிலையமும் அங்கேதான். உன்னோடு வேலை செய்யும் முஸ்லிம் நண்பர்களையும் கூட வரக் கூப்பிட்டால், சிலர் மார்க்கக் காரணத்தால் ஹெக்ராவுக்குள் வரத் தயங்குவார்கள். யாரையும் வற்புறுத்தாதே.

மூன்றாம் நாளை லேசாக வை. காலையில் ஜபல் இக்மா பள்ளத்தாக்கில் பாறைக் கல்வெட்டுகள், சாயங்காலம் யானைப் பாறை. நடுவில் தூக்கம். உன் அம்மாவுக்கு முட்டி வலித்தால் காலையையும் விட்டுவிடு.

பெரிய ரிசார்ட்டுகளின் வாடகையைப் பார்த்துப் பயப்படாதே. ஊருக்குள் அடுக்களையோடு வாடகை வீடுகள் கிடைக்கும். மருமகளை அங்கேயும் மூன்று வேளை சமைக்க வைத்துவிடாதே. கிளம்பும் நாளுக்குப் புளியோதரை போதும், பிறகு மந்திச் சோறோ குபூஸ் ரொட்டியோ வாங்கிக்கொடு. டிசம்பர், ஜனவரியில் ராத்திரிக் குளிர் கடுமை. ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்துப் போ. மழை பெய்தால் வாதி என்னும் வறண்ட ஆற்றுப் படுகைக்குள் இறங்காதே, எங்கோ பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வரும். சாதாரண காரை மணலில் ஏற்றாதே.

கடைசியாக இதை மட்டும் உத்தரவாகவே சொல்கிறேன். சூரியன் மறையும் மஃரிப் நேரத்துக்குப் பிறகு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதே. ஒட்டகம் இருட்டில் தெரியாது. பம்பர் அதன் நீண்ட காலில் மோதும், முழு உடம்பும் கண்ணாடி மேல் வந்து விழும். உயிருக்கே ஆபத்து. பொழுது சாய்ந்துவிட்டால் வழியில் கிடைத்த ஊரில் தங்கு, பணம் போனால் போகட்டும். ஆம்புலன்ஸ் 997; சாலைப் பாதுகாப்பு, யான்புவும் அல் உலாவும் இருக்கும் மதீனா மாகாணத்தில் 911, உம்லுஜ் பக்கம் 996. எல்லாவற்றையும் மருமகளின் போனிலும் பதிந்து வை.

ஹெக்ரா டிக்கெட்டும் வீடும் இந்த வாரமே பதிவு செய்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா