ஆபரேஷனோடு முடிவதில்லை

திருநங்கைகளிடமும் அவர்களைச் சுற்றியிருப்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது: ஆபரேஷன் ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது, அதன்பின் மாத்திரையும் ஊசியும் வேண்டியதில்லை. ஆண் தன்மைக்குக் காரணமான உறுப்பே போன பிறகு உடம்பு தானாகப் பெண்மைக்குத் திரும்பிவிடும் என்று இதற்குக் காரணமும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் சரி. விதைகளை அகற்றியதும் டெஸ்டோஸ்டிரோன் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் தானாகச் சுரக்காது. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் எலும்பு உறுதியாக இருக்க இந்த இரண்டில் ஒன்றாவது ரத்தத்தில் போதிய அளவு இருந்தாக வேண்டும். இரண்டுமே இல்லாவிட்டால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி வரும் தொல்லைகள் இருபத்தைந்து வயதிலேயே தலைகாட்டும். திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கும், தூக்கம் கெடும், அசதி விடாது. இவையாவது வெளியே தெரியும். எலும்பு அடர்த்தி குறைவதோ முறிவு ஏற்படும்வரை தெரியாமலே போகலாம். அதனால்தான், ஆபரேஷனுக்கு முன்பு விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன், விதைகளை அகற்றிய பிறகு உடல்நலத்துக்கே அவசியமாகிவிடுகிறது. ஸ்பைரனோலாக்டோன், சைப்ரோடிரோன் போன்ற, ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரைகளை நிறுத்திவிடலாம். ஈஸ்ட்ரோஜனை மருத்துவரின் கண்காணிப்பில் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்காததல்ல. ஆஸ்பத்திரிக் கதவுகள் மூடியிருந்த காலத்தில் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையின் கையால் செய்துகொண்ட, நிர்வாணம் எனப்படும் உறுப்பு நீக்கம்தான் பலருக்கும் இருந்த ஒரே வழி. ரத்தப்போக்கு, சீழ், சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போவது என்று எல்லா ஆபத்துகளையும் கடந்து பிழைத்து வருவதே பெரிய காரியமாக இருந்தது. அதற்கு மேல் மருந்தைப் பற்றி யோசிக்க வாய்ப்பு ஏது? தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வழியும் பிறந்தது. கத்தி பாதுகாப்பான கைக்கு மாறிவிட்டது. ஆனால் ஆபரேஷனையே கடைசிப் படியாகப் பார்க்கும் எண்ணம் இன்னும் மாறவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சீக்கிரம் மாற்றம் தெரிய வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி, நாளுக்கு நாலைந்தாகப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியோல். கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் அபாயம் இதில் அதிகம் என்று ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இன்று பாலின மாற்றச் சிகிச்சைக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. எஸ்ட்ராடியோல்தான் தரப்படுகிறது. அளவைக் கூட்டினால் வேகம் கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஹார்மோன் தொடங்கி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மார்புக் காம்புக்கு அடியில் தொட்டால் வலிக்கும் ஒரு சின்ன கட்டி தட்டுப்படும். மார்பு வளர்ச்சியின் தொடக்கம் அது. முழு அளவு நிலைபெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். மார்பைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்கு ஓராண்டாவது ஹார்மோன் எடுத்துவிட்டு வரச் சொல்வது இதனால்தான். முளைவிட்டதுமே போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டால், பின்னால் தானாக வளரவிருப்பதைக் கணக்கில் எடுக்க முடியாது.

அப்படியானால் எல்லா ஆபரேஷனுக்கும் ஹார்மோன்தான் முதல் படியா? இல்லை. திருநம்பிகள் மார்பை அகற்றிக்கொள்ள முன்கூட்டியே டெஸ்டோஸ்டிரோன் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறப்புறுப்பு சார்ந்த அறுவை சிகிச்சையின் கதை வேறு. டபிள்யூபாத் எனப்படும் சர்வதேச மருத்துவ அமைப்பின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதற்கு முன் 12 மாத ஹார்மோன் சிகிச்சையைக் கேட்டது. 2022-இல் அதையே குறைந்தது ஆறு மாதம் என்று தளர்த்தியது. ஹார்மோன் வேண்டாம் என்பவருக்கும், உடல்நிலை இடம் கொடுக்காதவருக்கும் அந்த ஆறு மாதமும் கட்டாயமில்லை. செயற்கைப் பெண்ணுறுப்பு அமைப்பதற்கு முன் இன்னொரு காத்திருப்பும் உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. விதைப்பைத் தோலை உள்பக்கமாக மடித்து வைக்கும்போது அதிலுள்ள முடி வேரோடு நீக்கப்படாவிட்டால், பிறகு உள்ளேயே முடி வளரும். லேசரிலோ மின்சார முறையிலோ அதை அகற்றப் பல அமர்வுகள், பல மாதங்கள் தேவைப்படும். உடம்பு கேட்கும் இத்தகைய அவகாசத்தைத் தள்ளிவிட முடியாது.

காத்திருக்கச் சொல்லச் சொல்ல மனம் நொந்து போலி மருத்துவரிடம்தானே போவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காரணம் சொல்லாமல் இழுத்தடிப்பதை நானும் ஏற்கவில்லை. எந்த மாதம் எதற்காக என்று நோயாளிக்கு விளக்க முடியாத விதிக்கு மருத்துவத்தில் இடமில்லை. மறுபுறத்தில், அவசரப்பட்டால் வருந்துவார்களே என்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1972 முதல் 2015 வரை சிகிச்சைக்கு வந்த 6,793 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, விதைகளை அகற்றிக்கொண்ட திருநங்கைகளில் 0.6 சதவீதமும், சினைப்பைகளை அகற்றிக்கொண்ட திருநம்பிகளில் 0.3 சதவீதமும் வருந்தியதாகத் தெரிந்தது. பலர் இடையில் தொடர்பு விட்டுப்போனார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். இந்தக் கணக்கில் வருபவர்கள் முறையான மதிப்பீட்டுக்குப் பின் ஆபரேஷனுக்குப் போனவர்கள். ஆகவே மதிப்பீடே வேண்டாம் என்பதற்கு இந்த எண் துணை வராது. பெரும்பாலானோர் வருந்துவார்கள் என்ற பயத்தை மட்டும் இது உடைக்கிறது.

உண்மையிலேயே தள்ளிப்போடக் கூடாத ஒன்று உண்டு. பிள்ளை பெறும் விருப்பம் கொஞ்சமாவது இருந்தால், விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பது பற்றி முதல் மாத்திரைக்கு முன்பே பேசிவிட வேண்டும். ஹார்மோனை நிறுத்தினால் சிலருக்கு விந்தணு உற்பத்தி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே வழியில்லை. திருநம்பிகளுக்கு இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டெஸ்டோஸ்டிரோனால் மாதவிடாய் நின்றாலும் கரு உருவாகலாம். அது கருத்தடை மருந்து அல்ல.