பிரிட்டன் சாப்பாடு சப்பென்று இருக்குமா?

லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: “அங்கே உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. பெட்டி நிறையப் பொடி எடுத்துக்கிட்டுப் போ.” சமையல் கற்றுக்கொடுக்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒழுங்காக ஒரு வேளை சாப்பிட்டிருக்கிறார்கள்?

கடுகையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணெயில் பொரிக்கிறோம். சூட்டில் அதன் காரம் அடங்கிவிடுகிறது. அவர்கள் கடுகுப்பொடியைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைக்கிறார்கள். பிறகு வறுத்த மாட்டிறைச்சியோடு ஒரு துளி தொட்டுச் சாப்பிட்டால் காரம் நேரே மூக்குக்கு ஏறும், கண்ணில் நீர் வரும். இதுவா சப்? 1837 முதல் விற்கும் வூஸ்டர்ஷயர் சாஸில் புளியும் நெத்திலியும் சேர்கின்றன. ஹன்னா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே கறி செய்முறை இருக்கிறது.

கெட்ட பெயருக்குப் பெரிய காரணம் போர். 1940 ஜனவரியில் தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலையில்தான் முழுதாக முடிந்தது. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் அளவுதான். பால் பெரும்பாலும் ஒரே வகைச் சீஸுக்குப் போனதால் பண்ணைச் சீஸ்காரர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். பஞ்ச காலத்துச் சமையலை வைத்து ஒரு நாட்டின் நாக்கை எடைபோடுவது அநியாயம். இன்று சோமர்செட் பண்ணைச் செடாரைத் தின்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

‘ஹை டீ’ பிரபுக்கள் வீட்டு விருந்து என்பதும் தவறு. அது வேலை முடிந்து வந்த உழைப்பாளிகளின் மாலைச் சாப்பாடு. ஸ்கோனும் ஜாமும் அடுக்கித் தருவது ‘ஆஃப்டர்நூன் டீ’.

வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்தால் ஆகாதுதான். உணவகச் சாப்பாட்டுக்கு 20 சதவீத வாட் வரி உண்டு. கையில் வாங்கிப்போகும் ஆறின சாண்ட்விச்சுக்குப் பொதுவாகக் கிடையாது. லண்டன் பில்லில் பல இடங்களில் 12.5 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும். அது கட்டாயமில்லை என்று பில்லில் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம். மது உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீர் இலவசம். பாட்டில் தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்?

டீ வெறும் வெந்நீர் என்பவர்கள் பையை இரண்டு முக்கு முக்கி எடுப்பவர்கள். சுவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3103 தரநிர்ணயம், 100 மில்லிக்கு 2 கிராம் தூள் போட்டு ஆறு நிமிடம் ஊறவிடச் சொல்கிறது. வீட்டில் நான்கு நிமிடமாவது விடுங்கள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல இலைத்தூளும் ஒரு பீங்கான் டீப்பாட்டும் வாங்குங்கள் என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன். முதலில் பாட்டை வெந்நீரால் அலசிச் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்கும்போதே நீரை ஊற்றுங்கள். லண்டன் குழாயில் வருவது கடின நீர். டீ மேல் ஆடை கட்டும். வடிகட்டிய தண்ணீரில் போட்டால் அது குறையும்.